நாசிக் திராட்சையும் நம் நாக்கும்

பிப்ரவரி மாதம், காலை ஆறரை மணி. நாசிக் குளிர் காதைக் கடித்தது. கொடி வரிசைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து பெண்கள், தலையோடு காதையும் சேர்த்து முந்தானையால் போர்த்திக்கொண்டு, சின்னக் கத்தரியால் கொத்துக் கொத்தாக நறுக்கி கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். சூடேறிய பழத்தில் வாசனை நிற்காது. அதற்காகவே சில தோட்டங்களில் நடுராத்திரியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள்.

"தின்னு பாருங்க, பாவு" என்று இந்தியில் சொல்லி ஒரு கொத்தை நீட்டினார் தோட்டக்காரர். மராத்தியில் 'பாவு' என்றால் அண்ணன் தம்பி. பழம், ஷிராஸ் ரகம். ஒவ்வொன்றும் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கருநீலத் தோலின் மேல் விபூதி பூசியதுபோல ஒரு சாம்பல் படலம். ஒயினுக்குப் போகிற திராட்சை புளிக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாயில் போட்டதும் வெல்லப்பாகு மாதிரி இனித்தது. கடிக்கக் கடிக்கத் தோல் வாயிலேயே நின்றது, விதை நொறுங்கியது. அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்தையும் யாரோ பிடித்து இழுப்பதுபோல ஒரு பிடிப்பு. பச்சை வாழைப்பூவைக் கடித்தால் வருமே, அதே துவர்ப்பு. அடுத்த மூன்று நாளும் நாசிக்கைச் சுற்றியபோது அந்தத் துவர்ப்பு என்னைவிட்டுப் போகவில்லை.

தோட்டக்காரர் இன்னொரு பழத்தை நசுக்கி, குட்டிக் குழல் ஒன்றின் கண்ணாடியில் சாற்றைத் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே கோடு 23-ல் நின்றது. நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 23 கிராம் சர்க்கரை. கடையில் நாம் வாங்கும் விதையில்லாத பச்சைத் திராட்சைக்கு 17, 18 இருந்தாலே நல்ல பழம். ஒயின் திராட்சைக்கு அது போதாது. அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹாலைத் தருகிறது. பழம் சின்னதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நிறம், மணம், துவர்ப்பு மூன்றும் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. சின்னப் பழம் என்றால் சாற்றுக்குத் தோல் அதிகம்.

கோதாவரிக் கரையில்

நாசிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பஞ்சவடி, கும்பமேளா, ரூபாய் நோட்டு அச்சகம். வெங்காய விலை ஏறும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் லாசல்காவ் மண்டியும் இதே மாவட்டம்தான். மும்பையிலிருந்து கசாரா மலைப்பாதை ஏறி வந்தால் தக்காணப் பீடபூமியின் விளிம்பு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். என்றைக்கோ ஓடிய எரிமலைக் குழம்பு இறுகி, பாறையாகிப் பொடிந்த மண். டிசம்பர், ஜனவரியில் பகலில் 28 டிகிரி வெயில் அடிக்கும், இரவில் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நிபாட் தாலுகாவில் சில ராத்திரிகளில் ஐந்துக்கும் கீழே போவதுண்டு.

இந்த ஏற்ற இறக்கம்தான் நாசிக்கின் சொத்து. பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இரவும் வெக்கையாக இருந்தால் பழத்திலுள்ள புளிப்பு கரைந்துபோகும். இனிப்பு மட்டும் மிஞ்சிய பழத்தில் எடுத்த ஒயின் சப்பென்றிருக்கும்.

உண்ணும் திராட்சை இங்கே பல தலைமுறையாக உண்டு. ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் இந்தியத் திராட்சையில் பெரும்பங்கு நாசிக் மாவட்டத்துடையது. ஒயின் வந்த கதை மட்டும் புதிது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த், 1990-களில் வேலையை விட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். மா வைத்துப் பார்த்தார், ரோஜா வைத்துப் பார்த்தார், உண்ணும் திராட்சையும் வைத்துப் பார்த்தார். பிறகு கலிஃபோர்னியாவின் சோனோமாவிலிருந்து கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணரைத் துணைக்கு அழைத்து, 1997-ல் சவீன்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ஆகிய ரகங்களை நட்டார். 2000-ல் முதல் பாட்டில் வெளிவந்தது. தாயார் சுலபாவின் பெயரிலிருந்து பிறந்த அந்த 'சுலா', 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

ஒருவரின் துணிச்சல் மட்டும் ஒரு ஊரை மாற்றிவிடாது. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, ஒயினுக்கு வரிச்சலுகை கொடுத்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது. கங்காபூர் அணைக்கரையில் யார்க், சோமா என்று வரிசையாக ஒயினரிகள் எழுந்தன. இகத்புரிப் பக்கம் குரோவர் ஜாம்பாவும் வலோனேயும் இருக்கின்றன. பிரான்ஸின் மொயே ஹென்னஸி குழுமம் 2013-ல் நாசிக் திராட்சையிலிருந்து 'ஷாண்டோன்' என்ற நுரைக்கும் ஒயினை வெளியிட்டது. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இரண்டு கவாத்து, ஒரு அறுவடை

பிரான்ஸில், இத்தாலியில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர், அக்டோபரில் பழம் தரும். நம் வெயிலில் கொடி தூங்குவதே இல்லை. விட்டால் மழைக்காலத்தில் காய்த்து, பழமெல்லாம் அழுகிப்போகும். அதனால் நாசிக் விவசாயி கத்தரிக்கோலைக் கொண்டு கொடிக்கே ஒரு புதுப் பஞ்சாங்கம் எழுதியிருக்கிறார். அறுவடை முடிந்து ஏப்ரலில் ஒரு கவாத்து. மழைக்காலம் முழுக்கக் கொடி தழைக்கலாம், பழம் கூடாது. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதற்குப் பிறகு வரும் துளிரில்தான் பூவும் பிஞ்சும். குளிர்காலம் முழுக்க நிதானமாகப் பழுத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. உலகின் வடபாதி ஒயின் நாடுகளெல்லாம் உறங்கும் மாதங்களில் நாசிக் விழித்திருக்கிறது. இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றில் என்னை அசத்தியது இதுதான்.

உண்ணும் திராட்சை ஏக்கருக்குப் பத்து டன் காய்த்தால் விவசாயிக்குக் கொண்டாட்டம். ஒயின் திராட்சையை நாலைந்து டன்னோடு நிறுத்திவிடுகிறார்கள். கொத்துகள் குறைந்தால், மிஞ்சிய கொத்தில் சுவை திரளும் என்பது கணக்கு. ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும்.

ஒயினரிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளை ஒயினுக்குப் பழத்தை மெதுவாகப் பிழிந்து, தோலை ஒதுக்கி, சாற்றை மட்டும் ஸ்டீல் டாங்கில் 12 முதல் 16 டிகிரிக் குளிரில் நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடும் விதையோடும் கூடுதல் சூட்டில் நொதிக்கிறது. சில சிவப்பு ஒயின்கள் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. பீப்பாய் அறைக்குள் நுழைந்ததும் வந்த மணத்தைத்தான் மறக்க முடியவில்லை. புதுத் தச்சுப் பட்டறையும் வெனிலா ஐஸ்கிரீம் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டதுபோல இருந்தது.

"கொய்யாக்கா வாசமில்லீங்களா?"

நாட்டிலேயே முதன்முதலாக ஒயினரியோடு சேர்ந்த சுவைக்கூடத்தை 2005-ல் திறந்தது சுலாதான். இப்போது கங்காபூர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பல இடங்களில் இருக்கிறது. நான் உட்கார்ந்த கூடத்தில் நீளமான மர மேசை, எதிரே அணைத்தண்ணீர். ஆளுக்கு ஐந்து வகை, ஒவ்வொன்றும் இரண்டு மடக்கு அளவு. துப்புவதற்கு ஒரு பாத்திரம். துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாள் முழுக்கச் சுவைப்பவர்கள் துப்பித்தான் ஆக வேண்டும்.

கிளாஸின் தண்டைப் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். முதலில் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்ப்பது. பிறகு ஒரு சுழற்று, கிளாஸுக்குள் மூக்கை விட்டு ஒரு முகர்வு. கடைசியில்தான் வாய். ஒரு மடக்கை விழுங்காமல் நாக்கு முழுக்கப் புரளவிட்டு, உதட்டிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சினால், மணம் தொண்டைவழியாக மூக்குக்கு மறுபடி ஏறுகிறது. நல்ல டிகிரி காபியை ஆற்றிக் குடிக்கும் ஒருவர், முதல் மடக்குக்குப் பின் கண்ணைமூடி ஒரு நொடி நிற்பாரே, அதே கவனம்தான் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

முதலில் சவீன்யோன் பிளாங்க். ஊற்றிக் கொடுத்த இளம்பெண், "கூஸ்பெர்ரி, பேஷன் ஃப்ரூட், வெட்டிய புல்" என்று வரிசையாகச் சொன்னார். எதிரே கோவையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி. அந்த அம்மா கிளாஸை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, கொய்யாக்கா வாசமில்லீங்களா இது?"

நானும் முகர்ந்தேன். கொய்யாதான். முழுக்கப் பழுக்காமல் செங்காயாகப் பறித்த நாட்டுக் கொய்யா. அதற்கு அடியில் நறுக்கிய குடைமிளகாய். ஊற்றிக் கொடுத்த பெண்ணுக்கு இந்தியில் எடுத்துச் சொன்னேன். "சரியாகச் சொல்கிறார்கள், நாங்களும் 'பேரு' என்போம்" என்றார். மராத்தியில் பேரு என்றால் கொய்யா.

அந்த அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஒயின் புத்தகங்களின் பட்டியலில் இருக்கும் பழங்கள் எழுதியவர்களின் ஊர்ப் பழங்கள். பிளாக்கரன்ட்டை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. நமக்கு நாவல்பழம் இருக்கிறது. இலந்தை இருக்கிறது, களாக்காய் இருக்கிறது, பங்குனி வெயிலில் பழுத்த பலா இருக்கிறது. மூக்கு முதலில் தேடிப்போவது சிறுவயதில் தின்றதைத்தான். நமக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால் சுவை பிடிபடுகிறது, மனப்பாடம் செய்த பெயரைச் சொன்னால் நழுவுகிறது.

அடுத்து ஷெனின் பிளாங்க். பிரான்ஸின் லுவார் ஆற்றுக்கரை ரகம். நாசிக்கில் லேசான இனிப்பை மிச்சம் வைத்துச் செய்பவர்கள் அதிகம். அன்னாசி, தேன், தோல் மஞ்சளாகத் தொடங்கிய பப்பாளி. மூன்றாவது ரோஸ், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்காவது ஷிராஸ். முகர்ந்ததும் நாவல்பழம், தொடர்ந்து அப்போதுதான் இடித்த மிளகு. இது கற்பனையல்ல. மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸிலும் இருக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

ஐந்தாவதாக பீப்பாயில் கிடந்த கேபர்னே. வாயில் வைத்ததும் கோவைக்காரர் முகத்தைச் சுளித்தார். "கசக்குதுங்க." அந்த அம்மா தலையாட்டினார். "கசப்பில்லைங்க. துவர்க்குது."

சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும். ஐரோப்பிய மரபில் நாக்கின் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. பின்னாளில் ஜப்பானியர் சொன்ன உமாமியும் சேர்ந்தது. துவர்ப்புக்கு அங்கே இடமில்லை. டானின் என்ற பொருள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்கிறது, அது தொடு உணர்வுதான் என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். நம் அறுசுவையிலோ துவர்ப்புக்கு முழு இடம் உண்டு. வாழைப்பூ வடை, மாதுளை, நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு என்று விதவிதமான துவர்ப்பில் வளர்ந்த நாக்கு நம்முடையது. இளம் பாக்கின் துவர்ப்புக்கும் காய்ந்த பாக்கின் துவர்ப்புக்கும் பேதம் தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு சிவப்பு ஒயினைக் கொடுத்தால், எதன் துவர்ப்பு முதிர்ந்தது, எது பச்சையாக நிற்கிறது என்று ஒரு மடக்கில் சொல்லிவிடுவார்கள்.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். நாசிக்கின் பலம் வெள்ளை ஒயின்தான், அதிலும் ஷெனின் பிளாங்க். சிவப்பில் ஷிராஸ் நன்றாக வருகிறது. விலை உயர்ந்த சில சிவப்புகளில் பீப்பாயின் வாசனை பழத்தை அமுக்கிவிடுகிறது. விலையை வைத்து வாங்காதீர்கள்.

மிசலும் வஞ்சிரமும்

நாசிக்காரர்களுக்கு மிசல் என்றால் உயிர். முளைகட்டிய பயறு, மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும் காரக்குழம்பு, மிக்சர், வெங்காயம், ஒரு பிழி எலுமிச்சை, கூடவே பாவ் ரொட்டி. ஒரு வாய் மிசலுக்குப் பின் கேபர்னேயைக் குடித்துப் பார்த்தேன். காரம் இரண்டு மடங்காக ஏறி நாக்கு எரிந்தது. ஆல்கஹாலும் டானினும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். அதே மிசலுக்குக் குளிர்ந்த ஷெனினை வைத்தபோது, அந்தச் சிறு இனிப்பு காரத்தை அணைத்தது, மிளகாயின் மணம் மட்டும் நின்றது.

நம் சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். வஞ்சிரம் வறுவலுக்கு எலுமிச்சை பிழிகிறோம் அல்லவா? சவீன்யோன் பிளாங்கின் புளிப்பு அந்த வேலையைச் செய்யும். மிளகு தூக்கலான கோழி வறுவலுக்கு ஷிராஸ். மிளகாய் அரைத்த எதற்கும் ஷெனின். புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் பக்கத்தில் ஒயினை வைக்கவே வைக்காதீர்கள், அந்தப் புளிக்கு முன்னால் எந்த ஒயினும் தண்ணீராகிவிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொல்வது ஐரோப்பிய வீட்டு அறையை வைத்துத்தான், அது 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அரைமணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும்.

தோட்டத்தின் மறுபக்கம்

சுவைக்கூடத்தின் கண்ணாடிச் சுவரிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். தோட்டக்காரரிடம் கேட்டால் வேறு கதை. ஒயின் திராட்சைக்கு ஒப்பந்த விலை முன்கூட்டியே பேசியாகிவிடும். அது ஒரு நிம்மதி. வாங்குகிறவர் கைவிட்டால் பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது, விதையும் தோலுமான இந்தக் குட்டிப் பழத்தைச் சாப்பிட யாரும் வாங்க மாட்டார்கள். 2009-ஐ ஒட்டி அதுதான் நடந்தது. உலகப் பொருளாதார மந்தம், மும்பைத் தாக்குதலுக்குப் பின் வெறிச்சோடிய ஓட்டல்கள், கூடவே நாட்டின் பெரிய ஒயின் நிறுவனம் ஒன்று கடனில் மூழ்கியது. பழம் தேங்கியது, பணம் வரவில்லை. ஒயின் கொடியைப் பிடுங்கிவிட்டு உண்ணும் திராட்சைக்குத் திரும்பிய விவசாயிகள் பலர்.

வானமும் சில வருடம் ஏமாற்றுகிறது. 2023 நவம்பர் கடைசியில் ஒரே நாளில் கொட்டிய ஆலங்கட்டி மழையில் நிபாட் பக்கம் ஏக்கர் ஏக்கராகக் கொடிகள் கிழிந்தன. கவாத்து முடிந்து பிஞ்சு பிடித்திருந்த நேரம் அது.

2022 ஜனவரியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. திராட்சை விவசாயிக்கு நல்லது என்றது அரசு. வீட்டுச் சாமான் வாங்கும் இடத்தில் மதுவா என்று அண்ணா ஹசாரே உள்பட பலர் எதிர்த்தார்கள். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விவசாயிக்கு வேறு வழியில் நிலையான விலை கிடைக்கச் செய்யும் பொறுப்பிலிருந்து அரசு விலகிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

நாசிக்கின் ஒயின் கதை புதிது, தமிழர்களாகிய நமக்கும் ஒயினுக்கும் உள்ள உறவு பழையது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த இரண்டு கைப்பிடிச் சாடிகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடிகளும் உண்டு. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் 'தேறல்' என்கிறார். தெளிந்தது என்று பொருள். இன்று தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும், அங்கே ஒயின் கேட்டு வருபவர் அரிது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். ஐரோப்பாவில் அதிலிருந்தும் ஒயின் எடுக்கிறார்கள். நம் தேனி மாவட்டத்தில் அது பெரும்பாலும் தள்ளுவண்டிக்கும் ஜூஸ் கடைக்கும் போகிறது. ஆண்டு முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கவும் ஆட்கள் போக வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒயின் குடித்தால் நிறம் கூடும், இதயத்துக்கு நல்லது என்று நம்பிக் குடிக்கத் தொடங்குபவர்கள் நம் ஊரில் நிறைய. நிறம் கூடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உடல்நலத்துக்குப் பாதிப்பில்லாத மதுவின் அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் ஒயினுக்காகக் குடிக்கத் தொடங்க வேண்டாம். நாசிக்கில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது: கொடிக்கு நடுவே நடக்கலாம், பீப்பாய் அறையில் நின்று முகரலாம், பழத்தைத் தின்று பார்க்கலாம். சுவைக்கப் போகிறவர்கள் வண்டியை ஓட்டாதீர்கள், டிரைவர் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி போதும். போவதானால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மார்ச் பாதி தாண்டிவிட்டால் கொத்துகள் அநேகமாகப் பறிபட்டிருக்கும். ஏப்ரலில் கவாத்து முடிந்த கொடியில் இலைகூட இருக்காது.